ஆலை மூடிய ஊரை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலைகள் மூடிக் களையிழந்த ஊரை எழுப்ப வேண்டும் என்றால், ஆட்சியில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது பிரம்மாண்டமாக ஒன்றைக் கட்டுவதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊரான அமெரிக்காவின் ஃபிளின்ட்டில் அதைச் செய்தும் பார்த்தார்கள். கார்த் தொழிற்சாலை வேலைகள் குறைந்துகொண்டே வந்த நேரத்தில், 1984-ல் 'ஆட்டோவேர்ல்ட்' என்ற உள்ளரங்கக் கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். சில மாதங்களிலேயே மூட வேண்டியதாயிற்று. 1997-ல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

அப்படியானால் பில்பாவோ எப்படி ஜெயித்தது என்று கேட்பார்கள். அந்த ஸ்பெயின் நகரத்தில் 1997-ல் குகன்ஹைம் அருங்காட்சியகம் வந்தது, ஊர் பிழைத்தது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதில் பாதிக் கதை விட்டுப்போகிறது. நெர்வியோன் ஆற்றில் கலந்த கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை அதற்கு வெகு முன்பே ஆரம்பித்திருந்தது. துறைமுகத்தைக் கடல் பக்கம் நகர்த்திக் கரையோர நிலத்தை விடுவித்தார்கள். அந்த நிலங்களைக் கையாள 1992-ல் தனி அமைப்பு, 1995-ல் மெட்ரோ. இத்தனைக்கும் மேல்தான் அருங்காட்சியகம் வந்து உட்கார்ந்தது.

பழசையெல்லாம் இடித்து, நிரவி, புல் விதைப்பது இன்னொரு தவறு. நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன ஜெர்மனியின் ரூர் பகுதியில், டூயிஸ்பர்க்-மைடரிச் இரும்பாலை 1985-ல் மூடியபோது அங்கேயும் இடிக்கும் பேச்சு எழுந்தது. உள்ளூர் மக்கள்தான் எதிர்த்து நின்றார்கள். பிறகு நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்ற நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ், இரும்பு உருக்கிய ஊது உலைகளை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டார். சுமார் 180 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடம் 1994-ல் பூங்காவாகத் திறந்தது. எரிவாயு சேமித்த பெருந்தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருக்கிறார்கள். ஆழ்நீர் முக்குளிப்பு பழக வருகிறார்கள். தாது கொட்டிவைத்த அறைகளின் கான்கிரீட் சுவர்களில் மலையேறிகள் பயிற்சி எடுக்கிறார்கள், வேறு சில அறைகளுக்குள் தோட்டம் இருக்கிறது. தாத்தா வேர்வை சிந்திய உலையின் மேல் ஏறி நின்று பேத்தி ஊரைப் பார்க்கலாம். நுழைவுக் கட்டணமும் கிடையாது.

இதைப் பார்த்துவிட்டு, துருப்பிடித்த இரும்புக்கு விளக்குப் போட்டால் போதும் என்று கிளம்பக் கூடாது. ஆலை நின்ற மண்ணில் கன உலோகமும் தாரும் ஊறிக் கிடக்கும். சோதிக்காமல் அங்கே குழந்தைகளை விளையாட விடுவது குற்றம் என்பேன். அமெரிக்காவின் சியாட்டிலில் பழைய எரிவாயு ஆலை நின்ற இடத்தில் அமைந்த கேஸ் வொர்க்ஸ் பூங்காவில், அதை வடிவமைத்த ரிச்சர்ட் ஹாக் 1970-களில் நுண்ணுயிர்களைக் கொண்டே எண்ணெய்க் கழிவைச் சிதைக்கும் துணிச்சலான வழியைக் கையாண்டார். அப்படியும் நச்சு முழுசாகத் தீரவில்லை. பூங்கா திறந்து பல ஆண்டுகள் கழித்தும் மண்ணைத் தூய்மைப்படுத்தும் வேலை தொடர்ந்தது. முதல் வருஷத்தோடு முடிகிற செலவாக இதைக் கணக்கிடுகிறவர்கள் பிறகு திண்டாடுவார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். ரூரின் எம்ஷர் ஆறு பல தலைமுறைகளுக்குத் திறந்த சாக்கடையாகவே ஓடியது. நிலக்கரி தோண்டத் தோண்ட மேலே நிலம் அமிழ்ந்துகொண்டே இருந்ததால், மண்ணுக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கிக் கழிவை அதில் விட்டார்கள். சுரங்கங்கள் ஓய்ந்து நிலம் நிலைத்த பிறகுதான் வேறு வழி பிறந்தது. 1992-ல் வேலை தொடங்கியது. டார்ட்முண்டிலிருந்து சுமார் 51 கிலோமீட்டருக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். 2021 இறுதியில்தான் ஆறு சாக்கடையிலிருந்து விடுபட்டது. செலவு ஐந்து பில்லியன் யூரோவுக்கும் மேல். ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் நடுவே முடிகிற வேலையா இது? எந்த ஒரு ஊரும் தனியாகச் செய்யவும் முடியாது. மேலே இருக்கும் ஊர் கழிவை விட்டுக்கொண்டே இருந்தால், கீழே இருப்பவர் கரையில் நடைபாதை போட்டு என்ன பயன்? 1989 முதல் பத்து ஆண்டுகள் எம்ஷர் கரையின் 17 நகராட்சிகளை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்களே, ரூரிலிருந்து கற்க வேண்டியது முதலில் அதைத்தான்.

அப்புறம் இன்னொரு தவறு, அங்கேயே வாழ்பவர்களைக் கடைசியில் கேட்பது. நியூயார்க்கின் ஹை லைன் பழைய சரக்கு ரயில் பாலத்தின் மேல் அமைந்த பூங்கா. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஹேமண்ட், பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்த ஏழை மக்களிடம் வடிவமைப்பைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலாக உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டிருக்க வேண்டும் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். பூங்கா வந்து சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று கணக்குப் போடுவதும் ஆபத்து. ஒஹையோவின் யங்ஸ்டவுனில் 1960-ல் சுமார் 1,67,000 பேர் இருந்தார்கள். 1977-ல் எஃகாலைகள் மூடத் தொடங்கின. 2005-ல் அந்த நகரம், இனி நாங்கள் சுமார் 80,000 பேர் வாழும் சிறிய ஊர்தான் என்று திட்டத்திலேயே எழுதிக்கொண்டது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் 2020-ல் எண்ணிக்கை சுமார் 60,000-க்கு இறங்கிவிட்டது. வரி கட்டுபவர்கள் குறையும்போதும் சாலையும் குடிநீர்க் குழாயும் அதே நீளம்தான் இருக்கும். ஆகவே இப்படிப்பட்ட ஊரில் பூங்கா வரைபடத்தோடு பராமரிப்புக் கணக்கும் சேர்ந்தே மேசைக்கு வர வேண்டும்: பத்தாவது வருஷம் புல் வெட்டுவது யார், மரத்துக்கு நீர் விடுவது யார், அவர்கள் சம்பளம் எந்த நிதியிலிருந்து வரும். இது இல்லாமல் வரும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.