தேளி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஐப்பசியில், தளும்பத் தளும்ப நிரப்பிய கேனில் தேளி மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்த ஓர் இளைஞர், வழியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று பெருமையோடு மூடியைத் திறந்தார். பாதிக்கு மேல் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் ஒரு கேன் குஞ்சுகளை மொத்தமாகப் பறிகொடுத்தேன்.

காற்றுக்கு இடம் விடாமல் அடைப்பது

தேளிக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளறையிலிருந்து முதுகெலும்பின் இருபுறமும் வாலை நோக்கி நீளும் குழாய் போன்ற இரண்டு காற்றுப்பைகள் அதற்கு உண்டு. வற்றிய குட்டையிலும் வயல் வாய்க்காலிலும் சதுப்பிலும், பிராணவாயு குறைந்த நீரில் அது பிழைத்திருப்பது அவற்றால்தான். தொட்டியோரம் சற்று நேரம் அசையாமல் நின்றால், விருட்டென்று மேலேறி ஒரு மடக்குக் காற்றை வாங்கிக்கொண்டு அடிக்குத் திரும்புவதைக் காணலாம். நெருக்கியடைத்த கேனில் நீரிலுள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்துபோக, மேலேயும் காற்று இல்லையென்றால், மீனாகவே இருந்தாலும் அது தண்ணீருக்குள் மூச்சுமுட்டித்தான் சாகும்.

1794இல் தரங்கம்பாடியில் கிடைத்த மீனைக் கொண்டு ஜெர்மானிய மீனியல் அறிஞர் புளோக் தேளிக்குச் சூட்டிய 'ஃபாசிலிஸ்' என்ற இலத்தீன் பெயருக்குத் தோண்டியெடுக்கப்படுவது என்று பொருள். சேற்றைத் தோண்டி எடுத்தாலும் உயிரோடு இருக்கும் மீனுக்குக் கேனில் என்ன ஆகிவிடும் என்று குஞ்சு விற்பவர்களே சொல்வதைக் கேட்கும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஈரச் சேற்றில் அதற்குக் காற்று கிடைக்கிறது. மூடி இறுகிய கேனில் கிடைப்பதில்லை. கேனில் பாதிக்குமேல் நீர் ஊற்றாதீர்கள், மூடியில் துளையிடுங்கள். குளத்தை ஆகாயத்தாமரை முழுவதுமாக மூடிக்கொள்வதும், குஞ்சுத் தொட்டியில் ஆழமாக நீர் கட்டுவதும் இதே தவற்றின் வேறு வடிவங்களே. ஆழம் கூடினால், குஞ்சு உண்ட தீனியெல்லாம் மேலும் கீழும் நீந்துவதிலேயே செலவாகிவிடும்.

வெறுங்கையால் பிடிப்பது

மார்புத் துடுப்பின் முள்ளில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

சிறிதும் பெரிதுமாகக் கலந்துவிடுவது

பெரியது சிறியதைத் தின்றுவிடும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தேளி என்று வாங்குவது

முதுகுத் துடுப்பைப் பாருங்கள். தேளிக்கு அது மிகச் சிறியது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கோ தலைக்குப் பின்னால் தொடங்கி ஏறத்தாழ வால்வரை ஓடும். அதை வளர்ப்பதற்கு இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே தடை உள்ளது.