பக்கத்து வீட்டு நீச்சல்குள மோட்டார்: இரைச்சல் அடங்கிய விதம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டு நீச்சல்குள மோட்டார் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டியே இரவெல்லாம் ஓடும். சத்தத்தைவிட, சுவர் வழியே வந்த அதிர்வுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆனாலும் புகார் எழுதும் முன் நேரில் பேசுவதே முறை. பக்கத்து வீட்டுக்காரர் சேலத்துக்காரர். "சார், இரவு எங்கள் அறையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்" என்றேன். வந்தார். சுவரில் கை வைத்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

மறுநாளே பிளம்பர் வந்தார். சிமென்ட் மேடையில் நேராக முடுக்கியிருந்த மோட்டாருக்கு அடியில் தடித்த ரப்பர் பட்டை வைத்தார். குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பைக் கழற்றி, தரையிலிருந்து முட்டுக் கொடுத்தார். வடிகட்டிக் கூடை நிறைய மாவிலை! தண்ணீர் போதாமல் மோட்டார் திணறியதால் வந்ததுதான் அந்தக் கரகரப்பு. மோட்டாரைச் சுற்றி அடைத்துப் பெட்டி மட்டும் கட்டிவிடாதீர்கள். காற்றோட்டமின்றிச் சூடேறிக் கெட்டுவிடும்.

டைமரையும் பகல் நேரத்துக்கு மாற்றிவிட்டார். குளத்து நீருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.