வில்லிஸ் ஜீப்பின் மடங்கும் கண்ணாடி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடையில், பித்தளைச் செம்புகளுக்கு நடுவே கிடந்தது அந்த ஜீப் பொம்மை. முன் கிரில்லில் ஒன்பது துளை. அப்படியானால் இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ ஜீப்பான வில்லிஸ் எம்பி (MB); 1945-இல் வந்த சிவிலியன் சிஜே-2ஏ என்றால் ஏழுதான் இருக்கும். நம் ஊர் மஹிந்திரா ஜீப்புக்கும் மூலம் இந்த வில்லிஸ் குடும்பம்தான். பொம்மையின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம், 113 மில்லிமீட்டர். நிஜ வண்டியில் 80 அங்குலம். ஆக 1:18 அளவு.

முன் கண்ணாடிச் சட்டம்தான் தொல்லை. பானெட் மேல் மடங்க வேண்டியது, கீல் முறிந்து தனியாக ஆடியது. சூப்பர் க்ளூவை நான் அங்கே கொண்டுபோகவே இல்லை. அதன் ஆவி பட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். ஒட்டிய கீலும் அப்புறம் மடங்காது. ஆச்சியின் தையல் டப்பாவிலிருந்து குண்டூசி எடுத்தேன். கையால் சுழற்றும் சின்ன டிரில்லால் சட்டத்தின் இரு காலிலும் துளையிட்டு, ஊசியை நறுக்கிச் செருகி, முனையைக் குறடால் லேசாக மடக்கினேன். இனி கழன்று வராது. கண்ணாடி ஓரத்துக்கு மட்டும் ஃபெவிகால், பல்குச்சி நுனியால். காய்ந்தால் தெளிந்துவிடும்.

பெயிண்ட் உரிந்த இடங்களை அப்படியே விட்டுவிட்டேன். பழைய ஜீப் பளபளவென்று இருந்தால் எனக்குப் பிடிக்காது.