இங்கிலாந்தில் அப்ரன்டிஸ்ஷிப் தேடுகிறீர்களா? மார்க்கைப் பிறகு பாருங்கள், பிறந்த தேதியை முதலில் பாருங்கள்

ஏ லெவல் ரிசல்ட் வரட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்று இருக்கிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டே வேலையும் பயிற்சியும் பெறுகிற அப்ரன்டிஸ்ஷிப் விஷயத்தில் அந்த நிதானம் சரிவராது. 2024-க்குப் பிறகு அரசாங்கம் விதிகளை மாற்றியிருக்கிற விதத்தைப் பார்த்தால், வேலை தொடங்கும் நாளில் பிள்ளைக்கு என்ன வயது என்பதைப் பொறுத்தே பயிற்சிக்கு யார் பணம் கட்டுவது என்பது முடிவாகிறது. ஒரு மாதம் முன்பின்னாகப் போனால்கூட கணக்கு மாறலாம். இன்னொன்று, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு. கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். 2017 ஏப்ரலில் லெவி என்று ஒரு வரி வந்தது. வருடத்துக்கு 30 லட்சம் பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கிற நிறுவனங்கள் அந்தச் சம்பளத் தொகையில் 0.5 சதவீதத்தைக் கட்ட வேண்டும், அந்தப் பணத்தை அப்ரன்டிஸ்களின் பயிற்சிக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்குமா? ஏற்கெனவே வேலையில் இருந்த மேலாளர்களையே அப்ரன்டிஸ் என்று பதிந்து, முதுகலைத் தரத்திலான லெவல் 7 படிப்புகளில் சேர்த்தார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கான இடங்கள் சுருங்கின. வேலையும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் இருக்கிற 16 முதல் 24 வயதுக்காரர்கள் பத்து லட்சத்தை நெருங்கியதும், பணத்தை இளையவர்கள் பக்கம் திருப்பத் தொடங்கினார்கள். 2025 செப்டம்பரில் அப்ரன்டிஸ்ஷிப் பொறுப்பைக் கல்வி அமைச்சிலிருந்து எடுத்து, வேலைவாய்ப்பையும் பென்ஷனையும் பார்க்கிற அமைச்சிடம் கொடுத்ததும் அதே போக்கில்தான். என்னைக் கேட்டால் திசை சரி, ஆனால் வயதுக்கோட்டை இவ்வளவு கறாராகப் போட்டிருக்க வேண்டாம்.

சரி, எந்த வயதுக்கு என்ன? 16 முதல் 18 வரை உள்ளவரைச் சேர்த்தால் நிறுவனத்துக்கு அரசாங்கமே 1,000 பவுண் கொடுக்கிறது. லெவி கட்டாத சிறிய நிறுவனம் 22 வயதுக்குக் கீழ் உள்ளவரை எடுத்தால் பயிற்சிச் செலவு முழுவதையும் அரசாங்கமே ஏற்கிறது, இது 2024 ஏப்ரலில் வந்தது. அந்த எல்லையை 25 வயதுக்குக் கீழ் என்று உயர்த்துவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதென்றால் சிறிய நிறுவனம் 5 சதவீதம் கட்ட வேண்டும், 8,000 பவுண் பயிற்சிக்கு 400 பவுண். பிள்ளையோ பெற்றோரோ ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை, எந்த வயதிலும். பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது அப்ரன்டிஸ்ஷிப் இல்லை, வேறு ஏதோ. "இடம் எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்கிறவர்கள் நம் ஆட்களுக்குள்ளேயே இருக்கிறார்கள், கவனம்.

இப்போது நம் வீடுகளுக்கு அதிகம் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்: அக்கவுண்டன்சி. யூனியில் ஒரு டிகிரி, பிறகு ஏதாவது ஃபேர்மில் சேர்ந்து சார்ட்டர்ட் என்பது இங்கே நம் குடும்பங்களில் நன்றாகத் தேய்ந்த பாதை. சில ஆண்டுகளாக அந்தச் சார்ட்டர்ட் பயிற்சியில் பெரும்பகுதி லெவல் 7 அப்ரன்டிஸ்ஷிப்பாக, லெவிப் பணத்தில் நடந்தது. 2026 ஜனவரி 1 முதல் லெவல் 7-க்கான அரசாங்கப் பணம், தொடங்கும்போது 16 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். கவுன்சிலின் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கும், சிறப்புத் தேவைகளுக்கான கல்வித் திட்டம் உள்ளவர்களுக்கும் 25 வயதுக்குக் கீழ் வரை சலுகை உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே தொடங்கியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, முடிக்கும்வரை பணம் வரும்.

21 என்றால் 22-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நேராக ஏ லெவல் முடித்து, இடைவெளி விடாமல் மூன்று வருட டிகிரி செய்த பிள்ளைக்கு, பட்டம் வாங்கிய அந்த ஆகஸ்டில் 21 வயது இருக்கும். அந்தக் கோடையிலேயே லெவல் 7 தொடங்கினால் பணம் உண்டு. ஆனால் செப்டம்பர் 10 பிறந்தநாள் உள்ள பிள்ளை செப்டம்பர் 5 அன்று தொடங்கினால் உண்டு, அக்டோபரில் தொடங்கினால் இல்லை. இடையில் ஒரு வருடம் பிளேஸ்மென்ட் என்று வேலை அனுபவத்துக்குப் போனவர், நான்கு வருட டிகிரி செய்தவர், பன்னிரண்டாம் ஆண்டைத் திரும்பப் படித்தவர், கேப் இயர் எடுத்தவர் எல்லோரும் பெரும்பாலும் வெளியே. அவர்களை ஃபேர்ம் சொந்தச் செலவில் பயிற்றலாம், பழைய காலத்து ட்ரெய்னிங் காண்ட்ராக்ட் மாதிரி, அதற்குத் தடை இல்லை. ஆகவே இன்டர்வியூவில் கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்தப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுகிறீர்கள், நான் நடுவில் விலகினால் என்னிடம் திரும்பக் கேட்பீர்களா? ஃபேர்ம் தன் சொந்தப் பணத்தைப் போடுகிற இடத்தில் காண்ட்ராக்டை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

யூனிக்குப் போகாமலே இதைச் செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பல பெற்றோருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும். 18 வயதில், ஏ லெவலுக்கு அடுத்த படியான லெவல் 4 கணக்கியல் அப்ரன்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் சுமார் ஒன்றரை வருடத்தில் முடித்து, 20 வயதில் லெவல் 7 தொடங்கலாம், வயதுக்கோட்டுக்கு நிறைய முன்பாகவே. கடனும் இல்லை. சட்டத் துறையிலும் அப்படித்தான், சொலிசிட்டர் அப்ரன்டிஸ்ஷிப் பள்ளி முடித்த கையோடு 18 வயதில் தொடங்கி ஆறு வருடம் போகும், அது லெவல் 7 என்றாலும் தொடக்க வயதைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் பணம் உண்டு.

ஆங்கிலமும் கணக்கும் இடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் ஜிசிஎஸ்இ இல்லாதவர்கள் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்கிற அடிப்படை ஆங்கில, கணக்குப் பரீட்சை பாஸ் பண்ணாமல் அப்ரன்டிஸ்ஷிப்பை முடிக்க முடியாது. வேலையில் கெட்டிக்காரர்களாக இருந்தும் அந்த ஒரு தாளில் விழுந்து கடைசியில் சான்றிதழ் இல்லாமல் போனவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியிலிருந்து, தொடங்கும்போது 19 அல்லது அதற்கு மேல் வயதுள்ளவர்களுக்கு அது கட்டாயமில்லை, வேலை கொடுப்பவர் முடிவு செய்யலாம். 16 முதல் 18 வயதுக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பதின்வயதில் ஊரிலிருந்து வந்து, ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளை என்றால் 19 வரை காலேஜில் ஆங்கிலம் படித்துவிட்டுத் தொடங்குவதும் ஒரு வழி. 19 வயதுக்கு மேல் ஜிசிஎஸ்இயில் கிரேட் 4 இல்லாதவர்களுக்கு அந்த ஆங்கிலமும் கணக்கும் காலேஜில் இலவசம்.

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாத பிள்ளைகளுக்கு 2025 ஆகஸ்டில் ஃபவுண்டேஷன் அப்ரன்டிஸ்ஷிப் வந்தது, கட்டுமானம், பொறியியல், டிஜிட்டல், சுகாதாரம் போன்ற துறைகளில். பெரும்பாலும் 16 முதல் 21 வயதுக்கு. எடுத்துக்கொள்கிற நிறுவனத்துக்கு 2,000 பவுண் வரை கிடைக்கும். அதே மாதத்திலிருந்து அப்ரன்டிஸ்ஷிப்பின் குறைந்தபட்சக் காலத்தையும் 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறைத்துவிட்டார்கள்.

வீட்டுக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பிள்ளை அப்ரன்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் அது படிப்பாகக் கணக்கில் வராது, சைல்ட் பெனிஃபிட் நின்றுவிடும், யுனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்காக வருகிற பகுதியும் நிற்கும். வரித்துறையான எச்எம்ஆர்சிக்கு உடனே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். இந்தப் பக்கம் சம்பளம்: 2026 ஏப்ரலிலிருந்து அப்ரன்டிஸ் குறைந்தபட்சம் மணிக்கு 8 பவுண். வாரம் 35 மணி என்றால் 280 பவுண், காலேஜில் இருக்கிற நேரத்துக்கும் சேர்த்து. 19 வயதும் ஆகி முதல் வருடமும் முடிந்தால் அந்த வயதுக்குரிய குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும், 18 முதல் 20 வயதுக்கு 10.85, 21 வயதிலிருந்து 12.71. முதல் வருடம் முடிந்தும் பழைய கூலியையே கொடுத்துக்கொண்டிருக்கிற இடங்கள் இருக்கின்றன, சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

வதிவிடம் பற்றி: பொதுவாகத் தொடங்குவதற்கு முன் மூன்று வருடம் இங்கே சட்டப்படி வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் அனுமதியும் வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் அந்த மூன்று வருடத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இது தெரியாமல் சும்மா காத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. ஊரில் டிகிரி முடித்துவிட்டு வந்தவர்களும் சேரலாம், படிக்கப்போவது புதிய திறமையாக இருந்தால் போதும்.

தேடுவது எப்படி என்றால், அரசாங்கத்தின் 'ஃபைண்ட் அன் அப்ரன்டிஸ்ஷிப்' தளத்தில் கணக்குத் திறந்து, அஞ்சல் குறியீட்டையும் தூரத்தையும் போட்டு அறிவிப்பு வரும்படி வைத்துவிடுங்கள். டிகிரி அப்ரன்டிஸ்ஷிப் என்றால் பதின்மூன்றாம் ஆண்டு தொடங்குகிற செப்டம்பரிலேயே பெரிய நிறுவனங்கள் திறக்கத் தொடங்கும், கிறிஸ்மஸுக்கு முன்பே சில மூடிவிடும். யூனிக்கான யூகாஸ் விண்ணப்பத்தையும் இதையும் ஒன்றாகவே செய்யலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது. பயிற்சி கொடுக்கிற காலேஜைப் பற்றி, தரம் பார்க்கிற அமைப்பான ஆஃப்ஸ்டெட் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள், எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். 2023/24-இல் நாடு முழுவதும் வெற்றிகரமாக முடித்தவர்கள் 60 சதவீதத்தை ஒட்டித்தான். அப்புறம், வாரத்தில் எந்த நாள் பயிற்சிக்கு ஒதுக்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். "வேலை குறைவான நாளில் போகலாம்" என்று சொல்கிற முதலாளியிடம் அந்த நாள் வரவே வராது.

கடை, பெட்ரோல் நிலையம், கணக்கு அலுவலகம் நடத்துகிறவர்களும் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கும் வழி இருக்கிறது. அரசாங்கத் தளத்தில் முதலாளியாகப் பதிந்து, பணத்தை முன்பதிவு செய்து, அருகில் உள்ள காலேஜோடு பேசினால் போதும். 25 வயதுக்குக் கீழ் உள்ள அப்ரன்டிஸின் சம்பளத்துக்கு, வருடம் 50,270 பவுண் வரை, முதலாளி பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸ் கிடையாது. வயது கூடியவரை எடுத்து அந்த 5 சதவீதம் பாரமாக இருந்தால், லெவிப் பணம் மிச்சம் இருக்கிற பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து மாற்றி வாங்கலாம், அவர்கள் பாதி வரை பிறருக்குக் கொடுக்க அனுமதி உண்டு. ஆனால் மலிவாக ஒரு ஆள் கிடைக்கிறான் என்ற எண்ணத்தில் இறங்க வேண்டாம், பயிற்சி நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

22 தாண்டியவர்களுக்கு லெவல் 6 வரை, அதாவது டிகிரி தரம் வரை, அப்ரன்டிஸ்ஷிப் திறந்தே இருக்கிறது, மேல் வயது எல்லை கிடையாது. வேலையை விட முடியாதவர்களுக்கு 2027 ஜனவரியில் தொடங்குகிற படிப்புகளிலிருந்து புதிய கடன் முறை வருகிறது, லெவல் 4 முதல் 6 வரை, 60 வயது வரை, நான்கு வருடப் படிப்புக்குச் சமமான தொகை, துண்டு துண்டாகவும் எடுக்கலாம். விண்ணப்பம் 2026 செப்டம்பரில் திறக்கும். ஏற்கெனவே இங்கே மாணவர் கடன் எடுத்து டிகிரி செய்தவர்களுக்கு அந்தத் தொகை குறையும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுப் படிப்பைத் தேடத் தொடங்குங்கள்.