டிப் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு

போன வாரம், கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கும் ஒரு நண்பர் புதிதாக வாங்கிய அக்ரோபோரா என்ற கிளைப்பவளத்தின் துண்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். "டிப் பண்ணிட்டேன், டேங்க்ல வச்சாச்சு" என்று கீழே ஒரு வரி. டிப் என்றால், புதுப் பவளத்தைத் தொட்டியில் விடுமுன் பூச்சி சாக மருந்துக் கரைசலில் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், துண்டு ஒட்டியிருந்த பிளக்கையும் (பவளத்தை ஒட்டி விற்கும் சின்னத் தாங்கி) சேர்த்தே பாறையில் செருகியிருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் பண்ணிய அதே வேலை. வயிறு எரிந்தது. உப்பளவு பாருங்கள், கையைக் கழுவுங்கள் என்று சொல்ல ஆள் இருக்கிறது. நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பிளக்கோடு உள்ளே விடுவது

அன்றைக்கு நான் வாங்கியது மூன்று துண்டு. அயோடின் கரைசலில் பத்து நிமிஷம் வைத்து நன்றாக அலசினேன். வெள்ளைக் கிண்ணத்தின் அடியில் ஒரு தட்டைப்புழு வந்து விழுந்தது. பிடித்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷம். ஒரு புழு விழுந்தால் அது முட்டையிட்டிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தொட்டியில் ஏற்கெனவே இருந்த பெரிய கொத்தின் நிறம் மங்கியது. விளக்கைச் சந்தேகப்பட்டு உயர்த்தினேன். பிறகு தண்ணீரில் ஆல்கலினிட்டி, பாஸ்பேட் என்று தினமும் சோதனை. இப்படியே மூன்று வாரம் போயிற்று. ஒரு ராத்திரி ரப்பர் குமிழ் வைத்த குழாயால் கிளைமேல் தண்ணீரைப் பீய்ச்சினேன். பவளத்தின் தோல் உரிந்து பறப்பதுபோல் ஏதோ மிதந்து போனது. தோல் இல்லை, புழு. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு கண்ணாடிபோல் மெல்லியது. தின்ற பவளத்தின் நிறம் அதன் உடம்பிலேயே தெரிவதால், கிளைமேல் படுத்திருந்தால் கண்ணுக்கு எதிரே இருந்தும் தெரியாது. பவளப் பிரியர்களை அது வெகு காலமாகவே படுத்திக்கொண்டிருந்தாலும், அமகுசாப்லானா அக்ரோபோரே என்று முறைப்படி பெயர் சூட்டியது 2011இல்தான்.

புழுவைத் தேடாதீர்கள், கடித்த தடத்தைத் தேடுங்கள். கிளையின் நிழல் பக்கத்தில், பொட்டு வைத்ததுபோல் வெளிறிய வட்டங்கள் இருக்கும். முட்டை உயிருள்ள சதையில் இருக்காது. சதை முடிந்து வெற்று எலும்புக்கூடு தொடங்கும் அடிப்பகுதியில், பழுப்பு நிறப் புள்ளிகள் நெருக்கி ஒட்டிய திட்டாகத் தெரியும். பிளக்கின் இடுக்கிலும் இருக்கலாம்.

டிப் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனக்கு இதில் ஆத்திரம் என்னவென்றால், செய்ய வேண்டியது ஐந்து நிமிஷ வேலை. துண்டை அடிக்குச் சற்று மேலே, சதை உள்ள இடத்தில் வெட்டுங்கள். பழைய பிளக்கையும் செத்த அடியையும் குப்பையில் போடுங்கள். புதுப் பிளக்கில் சூப்பர் க்ளூ ஜெல்லால் ஒட்டித் தனித் தொட்டியில் விடுங்கள். வாரம் ஒரு டிப், குறைந்தது ஆறு வாரம். இவ்வளவு நாள் எதற்கென்றால், தண்ணீர் குளிர்ந்திருந்தால் முட்டை பொரிய அதிக நாள் எடுக்கும்; தப்பிய ஒன்று பொரிந்து வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்குள் அடுத்த டிப் விழ வேண்டும்.

தொட்டிக்குள் வந்துவிட்டால் கதை வேறு. பாறையோடு பாறையாகப் படர்ந்த கொத்தைக் கழற்றி டிப் போட முடியாது. என்னிடம் இருந்த ஏழு கொத்தில் ஐந்து அப்படித்தான் போயின.

நான் சொன்ன பிறகு நண்பர் துண்டை வெளியே எடுத்துப் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்த பசையின் ஓரத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு முட்டைத் திட்டு.

ராஸ் மீன் பார்த்துக்கொள்ளும் என்பது

பார்த்துக்கொள்ளாது. கண்ணில் படும் புழுவைத் தின்னும், முட்டையை விட்டுவிடும். அதனால் புழு இருப்பதே உங்களுக்குத் தாமதமாகத் தெரியும்.

ஐப்டாசியாவை நசுக்குவது

ஐப்டாசியா என்பது தொட்டியில் களைபோல் பரவும் கடல் அனிமோன். நசுக்காதீர்கள். ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னத் துணுக்கும் தனி ஐப்டாசியாவாக வளரும்.

மான்டிபோராவின் வெள்ளை ஓரம்

தட்டுபோல் வளரும் மான்டிபோராப் பவளத்தின் ஓரம் வெளுத்தால் உடனே வெளிச்சம் அதிகம் என்கிறார்கள். தட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சில மில்லிமீட்டர் நீளத்தில், முதுகில் முடிபோன்ற நீட்சிகளோடு வெள்ளை நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) உட்கார்ந்திருக்கலாம். இதன் முட்டையும் டிப்புக்கு மசியாது.

எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து

ரெட் பக் என்பது அக்ரோபோராவில் ஒட்டும், அரை மில்லிமீட்டர் அளவுள்ள, மஞ்சள் உடம்பில் சிவப்புப் புள்ளி வைத்த கோபிபாட் என்ற குட்டி உயிர். பூதக்கண்ணாடி இல்லாமல் பார்ப்பது கஷ்டம். நாய்களுக்கு இதயப்புழு வராமல் கொடுக்கும் மில்பெமைசின் ஆக்ஸிம் இதைக் கொல்லும். ஆனால் ரெட் பக்கும் இறால், நண்டு வகையறாதான். தொட்டியில் மருந்தைக் கரைத்தால் அவையும் கூடவே போகும். கிளைகளுக்குள் குடியிருந்து அக்ரோபோராவைக் காவல் காக்கும் குட்டி நண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்ணாடியெங்கும் படரும் சிவப்புத் தட்டைப்புழு வேறு ரகம். அவை கூட்டமாகச் சாகும்போது விஷத்தைக் கக்கி மீனையும் கொல்லும். முதலில் முடிந்தவரை குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விஷத்தை உறிஞ்சும் கார்பனும் மாற்றுத் தண்ணீரும் கையில் இருந்தால் மட்டும் மருந்தைத் தொடுங்கள்.

பாறையைக் கொதிக்க வைப்பது

பூச்சி சாகட்டும் என்று இதைச் செய்யவே கூடாது. பூப்போல் பாறையில் படரும் சோவாந்திட், பாலிதோவா ஒட்டிய பாறையில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். கொதிநீரின் ஆவியைச் சுவாசித்து வீட்டோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.