மூன்றடி ஆழத்தில் வடிகால் கேட்டோம், கிடைத்தது

போன மாதம் பக்கத்து நகரிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகக் குடியிருப்போர் நலச் சங்கம் ஆரம்பித்திருக்கிறார்கள். கையில் ஒரு மனு. "எங்கள் தெருவில் 300 மீட்டர் நீளத்துக்கு, இரண்டடி அகலத்தில், மூன்றடி ஆழத்தில் மழைநீர் வடிகால் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." படித்ததும் சிரித்துவிட்டேன். அவர்கள் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய், 2009-ல் நான் எழுதிய மனுவின் நகலைத் தேடி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். நீளம் மட்டும்தான் வேறு.

"இதுல என்ன அங்கிள் தப்பு?" என்றார் ஒருவர். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கி இரண்டு காபி ஆகிவிட்டது. அதையே, நாங்களும் மற்றவர்களும் செய்யும் தவறுகளாக ஒவ்வொன்றாக, இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பகுதி சென்னையின் தெற்குப் புறநகர். ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றாக நிரம்பி வழிந்து, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு வழியாகக் கடலைச் சேரும் தண்ணீர்தான் எங்கள் தண்ணீர். தட்டைப் பூமி. ஓர் அங்குலம் இங்கே பெரிய விஷயம்.

வடிகாலில் குப்பை போடாதீர்கள், பிளாஸ்டிக் கவர் அடைக்கும் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே போடுகிறவர்களிடம் என் எழுத்து எடுபடாது.

கண்ணால் பார்த்து வாட்டத்தை (தண்ணீர் ஓடும் சரிவை) முடிவுசெய்வது

இதில்தான் நாங்கள் பத்து வருடத்தைத் தொலைத்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. யார்மேலும் பழி போட வழியில்லாததால் அது கூடிக்கொண்டேதான் போகிறது.

எங்கள் தெரு கிழக்கு மேற்காக 340 மீட்டர். கிழக்கு முனையில் ஒரு கால்வாய். மழை பெய்தால் தண்ணீர் கிழக்கே ஓடுவதை நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அப்புறம் என்ன யோசனை? கிழக்கே கால்வாயில் கொண்டுபோய் விடுங்கள் என்று எழுதினோம். ஒரு வருடம் அலைந்தோம். 2010-ல் வேலை முடிந்தது. கேட்டபடியே இரண்டடிக்கு மூன்றடி, மேலே கான்கிரீட் மூடி. தெருவில் லட்டு கொடுத்தோம்.

அந்த வருடம் ஐப்பசி மழையில், வடிகாலுக்குள் போக வேண்டிய தண்ணீர் வடிகாலிலிருந்து வெளியே வந்தது. முதலில் நம்பவே முடியவில்லை. மூடிகளின் இடுக்கு வழியாகக் கொப்பளித்துக்கொண்டு தெருவில் ஏறியது. வடிகால் இல்லாத காலத்தில் ஒரு நாளில் வடிந்த தெரு, வடிகால் வந்த பிறகு மூன்று நாள் நின்றது. மழை விட்ட பிறகும் உள்ளே ஓரடிக்குமேல் தண்ணீர் தேங்கியே கிடந்தது. தை, மாசி வரைக்கும் கொசு.

ஒப்பந்ததாரரைப் பிடித்துச் சண்டை போட்டோம். அவர் கோபப்படவே இல்லை. எங்கள் மனுவின் நகலையே எடுத்துக் காட்டினார். "மூணடி ஆழம் கேட்டீங்க. எங்க வேணா டேப் வெச்சு அளந்து பாருங்க சார், மூணடி இருக்கும்." அளந்தோம். இருந்தது.

விஷயம் புரிய இன்னொருவர் தேவைப்பட்டார். எதிர்வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருநாள் என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ரோட்டைப் பாத்து ஏமாந்துட்டீங்க சார். கண்ணுக்கு வாட்டம் தெரியாது" என்றார். ஞாயிற்றுக்கிழமை டியூப் லெவலோடு வந்தார். அதுதான், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய். எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, 25 மீட்டருக்கு ஒரு புள்ளியாக மதில்களில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போனோம். மூன்று மணி நேர வேலை. அரசாங்கப் பணம் போட்டு வடிகால் கட்டுமுன் செய்திருக்க வேண்டிய மூன்று மணி நேரம்.

முடிவு இதுதான். தெருவின் நடுப்பகுதி, கிழக்கு முனையைவிட ஆறு அங்குலம் தாழ்வு. மேற்கு முனையோ கிழக்கு முனையைவிட நான்கு அங்குலம் தாழ்வு. அதாவது தெருவுக்கு நடுவில் ஒரு தொப்பை இருக்கிறது. சங்கத்தை நடத்திய நாங்கள் நான்கு பேரும் மேற்குப் பாதியில் குடியிருக்கிறோம். எங்கள் வாசலில் தண்ணீர் கிழக்கே ஓடியது, ஆனால் கால்வாயை நோக்கி அல்ல, அந்தத் தொப்பையை நோக்கி. கிழக்குப் பாதியில் இருந்த ஒருவரைக் கேட்டிருந்தால், எங்கள் பக்கம் தண்ணீர் மேற்கே ஓடுகிறதே என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

இதற்குமேல் இரண்டாவது கோளாறு. வடிகாலின் ஆழத்தைச் சாலையின் மேல்மட்டத்திலிருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மூன்றடி என்று தோண்டினால், சாலையின் தொப்பை அப்படியே வடிகாலின் அடியிலும் விழும். மூன்றாவது, கிழக்கே கால்வாயின் படுகை சாலையிலிருந்து இரண்டேகால் அடிதான் கீழே. எங்கள் வடிகாலின் அடி அதைவிட ஒன்பது அங்குலம் பள்ளத்தில் போய் முடிந்தது. நடுத்தெருவில் பதினைந்து அங்குலம். சுருக்கமாகச் சொன்னால், நாங்கள் 340 மீட்டர் நீளத்துக்கு மூடி போட்ட தொட்டி கட்டியிருந்தோம். மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பும்போது அது ஊர்த் தண்ணீரையெல்லாம் எங்கள் வாசலுக்குக் கூட்டிவரும் குழாயாகவும் வேலை செய்தது.

எனவே மனுவில் நீளம், அகலம், ஆழம் எழுதாதீர்கள். முதலில் கடைமுனைக்குப் போங்கள். உங்கள் தண்ணீர் போய்ச் சேரும் கால்வாயின் படுகை எந்த மட்டம் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது. தரைப்பாலத்தின் பக்கச் சுவரில் கறையும் பாசியும் ஒரு கோடு போட்டிருக்கும். அதிலிருந்து டியூப் பிடித்து உங்கள் தெருவுக்கு வாருங்கள். அந்தக் கறைக்கோடு உங்கள் தெருவைவிட மேலே இருந்தால், சும்மா வடிகால் கட்டுவதால் பயனில்லை. கடைமுனையில் தண்ணீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு வேண்டும், அல்லது வேறு போக்கிடம் தேட வேண்டும். கோடு கீழே இருந்தால், அங்கிருந்து மேல்நோக்கி வாட்டத்தை ஏற்றிக்கொண்டு வாருங்கள். 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்று வைத்தால், எங்கள் 340 மீட்டருக்கு 68 செ.மீ. இறங்க வேண்டும். தட்டைப் பூமியில் அவ்வளவு கிடைக்காது. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 34 செ.மீ. போதும், ஆனால் அதே வடிகாலில் ஓட்டம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும், அதற்கேற்ப அகலம் கேட்க வேண்டும். வாட்டம் நாலில் ஒன்றாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகும். வேகம் குறைந்த தண்ணீர் வண்டலையும் இழுத்துப் போகாமல் அங்கேயே விட்டுவிடும்.

எங்கள் கதை எப்படி முடிந்தது? கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தபோது மேற்கு முனையிலிருந்து ஏரிக்குப் போகும் ஓர் ஓடை இருந்தது. தரையில் அங்கே ஒரு டீக்கடையும் இரண்டு மதில்களும் இருந்தன. மாடு மேய்த்த ஒரு பெரியவர், "தண்ணி எப்பவும் அந்தப் பக்கந்தானே போவும், உங்களுக்குத் தெரியாதா?" என்று எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அந்த வழியைத் திறந்து, வடிகாலின் அடியில் கான்கிரீட் போட்டு வாட்டத்தை மேற்கே திருப்பி முடிக்க 2019 ஆனது. நடுவில் 2015 டிசம்பர் வந்து போனது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவான மழை. என் வீட்டுக்குள் நான்கடி தண்ணீர்.

அந்த மழையை எந்தத் தெரு வடிகாலும் தாங்கியிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை நின்ற பிறகும் ஐந்து நாள் நின்றதே, அது எங்கள் கைவேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வந்தது, முழங்கால் வரை. ஒன்றரை நாளில் வடிந்துவிட்டது.

சாலையை உயர்த்தித் தரச் சொல்வது

தெருவில் தண்ணீர் நிற்கிறது, ரோட்டை ஏற்றிப் போடுங்கள் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். ஏறும் ஒவ்வோர் அங்குலமும் உங்கள் பேஸ்மட்டத்திலிருந்து, அதாவது வீட்டுத் தரை தெருவைவிட நிற்கும் உயரத்திலிருந்து, கழிகிறது. முன்பெல்லாம் எங்கள் கேட்டுக்கு மூன்று படி ஏறிப் போவோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். புதிதாகக் கட்டுபவர் ரோட்டைவிட மூன்றடி உயர்த்திக் கட்டுவார், அவர் மனையில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்கு வரும். பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், சாலை உயரக் கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளரே எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு, சாலை போடும் இரவில் தெருவில் நில்லுங்கள். காலையில் போய்க் கேட்டால் தார் ஆறியிருக்கும்.

கழிவுநீர் மேன்ஹோலைத் திறந்துவிடுவது

தெருவில் நிற்கும் தண்ணீர் வடியட்டும் என்று அதைத் திறக்காதீர்கள். சாக்கடைக் குழாய் நிரம்பி, கீழ்த்தள வீட்டின் கழிப்பறை வழியாக உள்ளே வரும். தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் குழியில் ஆளும் விழுவார்.

அக்டோபரில் தூர்வாருவது

வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போதுதான் எல்லோருக்கும் தூர் ஞாபகம் வருகிறது. ஜூன், ஜூலையில் கேளுங்கள். ஆள் கிடைப்பார்கள், இயந்திரம் கிடைக்கும், வேலை அரைகுறையானால் திரும்பச் செய்யச் சொல்ல நேரமும் இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி வடிகாலில் பாதி வண்டல் என்றால் பாதித் தண்ணீர் போகும் என்று நினைப்போம். கணக்குப் போட்டால் நாற்பது சதவீதம்தான் தேறுகிறது. எடுத்த வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போவது தனிக் கொடுமை. முதல் மழையில் அது இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். வண்டியில் ஏற்றிய பிறகுதான் சங்கத்திலிருந்து யாரும் "வேலை முடிந்தது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே ஆளை இறக்கித் தூர்வாரச் சொல்லாதீர்கள். கழிவுநீர் கலந்த வடிகாலில் விஷவாயு இருக்கும்.

வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவது

உங்கள் சங்கத்தில் யார் விடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மோட்டாரை நம்புவது

எங்கள் நகர் ஏறக்குறைய 12 ஏக்கர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் இறைக்கும் மோட்டார் மணிக்கு 60,000 லிட்டர் எடுக்கும். நாற்பது மோட்டார் வேண்டும். 2015-ல் நாங்கள் இரண்டு வாடகைக்கு எடுத்தோம். அந்தத் தண்ணீரை அடுத்த தெருவில் விட்டோம், அடுத்த தெருக்காரர்கள் அவர்கள் மோட்டாரால் எங்கள் தெருவில் விட்டார்கள். டீசல் தீரும்வரை இது நடந்தது. மழை நின்ற பிறகு, போக்கிடம் இருக்கும் இடத்தில், மிச்சத் தண்ணீரை எடுக்க மோட்டார் நல்லது. அவ்வளவுதான்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி வெள்ளத்தைத் தடுக்கும் என்பது

2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கியது, கிணற்றுக்கு நல்லது, கட்டாயம் வையுங்கள். ஆனால் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) 10 செ.மீ. மழை என்றால் 22,000 லிட்டர். மூன்றடி விட்டத்தில் பத்தடிக் குழி கொள்வது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிசம்பரில் எங்கள் பக்கம் நிலத்தடி நீரே தரைக்கு வந்துவிடுகிறது, குழிக்குள் எங்கே இறங்கும்?

பக்கத்து நகர்க்காரர்கள் மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். நேற்று போன் செய்தார்கள், டியூப் வாங்கிவிட்டார்களாம், ஆனால் இரண்டு முனையிலும் மட்டம் ஒத்துவரவில்லையாம். உள்ளே காற்றுக் குமிழி நிற்கும், பக்கெட்டை மேலே வைத்து ஒரு முனையை அதில் போட்டு, மறுமுனையில் தண்ணீரை இழுத்து மெதுவாக நிரப்புங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏழரைக்குமேல் வண்டிகள் டியூப் மேல் ஏறத் தொடங்கிவிடும். கிழக்குப் பாதியில் குடியிருக்கும் ஒருவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.