ஜான் ஜுவாங்: முழங்கால் வலி போன விதம்

ஜான் ஜுவாங் என்பது கைகளை நெஞ்சு மட்டத்தில் வளைத்துப் பிடித்து அசையாமல் நிற்கும் சீகுங் (மூச்சும் உடலும் சேர்ந்த சீனப் பயிற்சி) நிலை. 1920களில் சீனத் தற்காப்புக் கலைஞர் வாங் சியாங்ஜாய் தன் யீச்சுவான் என்ற தற்காப்பு முறைக்கு இதை அடித்தளமாக்கினார். நின்ற சில நிமிடத்திலேயே எனக்கு முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். 'சீ' (உடலில் ஓடுவதாகச் சொல்லப்படும் உயிராற்றல்) அடைப்பு என்றார்கள். விஷயம் அதுவல்ல: முட்டி உள்ளே சாய்ந்து, எடை முன்பாதத்தில் விழுந்தது.

பாதங்களைத் தோளகலத்தில், இணையாக வைத்தேன். உயரமான ஸ்டூலின் விளிம்பில் உட்காருவதுபோல் இடுப்பைப் பின்னே தளர்த்தி, முட்டியைக் காலின் இரண்டாம் விரலுக்கு நேராக, லேசாக மட்டும் மடக்கினேன். எடை குதிகால் பக்கம் வந்தது, வலி போயிற்று.

தோள் கடுத்தால் கைகளை நெஞ்சிலிருந்து தொப்புள் மட்டத்துக்கு இறக்கலாம். தொடை நடுங்குவது தசைக் களைப்பு, அற்புதம் ஒன்றுமில்லை. முட்டியில் சுருக்கென்று குத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள். மூச்சை அடக்கினால் தலைசுற்றும். தொடக்கத்துக்கு 3 நிமிடம். வாரம் 1 நிமிடம் கூட்டலாம்.